பூட்டு லோடர்

கருப்புத் திரை. இடது மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி. பெயர் என்ன என்று கேட்டது, கொடுத்தேன். பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டது, அதையும் அடித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் பெயர் என்ன என்று கேட்டது.

என் நாற்காலிக்குப் பின்னால் சங்கீதா நின்றுகொண்டிருந்தாள். உடம்பில் வெள்ளை நர்ஸ் உடுப்பு, கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. தஞ்சாவூரில் ராத்திரி டியூட்டியில் இருந்தவளுக்கு விடியும்போது போன் வந்திருக்கிறது. கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, உடுப்பைக்கூட மாற்றாமல் என் கடைக்கு ஓடி வந்திருக்கிறாள்.

"அக்கா, அந்த போட்டோ இருக்குல்லக்கா?"

"இருக்கும்மா, எங்க போகுது. இதோ இப்ப வந்துரும்."

வரவில்லை. நான் விசைக் கட்டைகளை ஓங்கி ஓங்கி அடித்தேன், ஓங்கி அடித்தால் அதற்குப் புரிந்துவிடும் என்பதுபோல. ரபீக் ஓரமாக நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் என் கடையில் வைரஸ் புகுந்து ஒரு கலியாண ஆல்பத்தையே தின்ற கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு வேதாரண்யம் பக்கமிருந்து ஒரு வாசகி போன் செய்து, "வயிறு வலிக்கச் சிரிச்சேங்க" என்றார். இந்த வாரமும் கம்ப்யூட்டர் கதைதான். சிரிக்க முடியுமா, தெரியவில்லை. எனக்கு இதை எழுத உட்காரும்போதே காது சூடாகிறது.

யாருங்க முதலாளி?

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வலங்கைமான் கடைத்தெருவில் டிடிபி, பிளக்ஸ், பத்திரிகை, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் செய்துகொடுக்கிற கடை என்னுடையது. என் நகையை வைத்து ஆரம்பித்த கடை. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேலையில் இருக்கிறார், கடைப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். ரபீக் கூத்தாநல்லூர்க்காரர். என்னிடம் டிசைனராகச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. என்னைவிட இளையவர், என்னை அக்கா என்பார். ஆனாலும் வாங்க போங்கதான். சாவி இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம்.

நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர். அவர்மேல் எனக்கு ஒரே ஒரு ஆத்திரம். அதுவும் அவர் செய்த காரியத்தால் இல்லை.

கடைக்கு வருகிற ஆட்கள் படியேறியதும் என்னைத் தாண்டி அவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள். "முதலாளி, ஒரு பத்திரிகை அடிக்கணும்." நான் பெரிய மேஜையில், சுழல் நாற்காலியில், சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். அவர் ஓரத்தில் ஸ்டூலில் இருப்பார். அப்படியும் அவர்தான் முதலாளி. மீசை இருக்கிறதல்லவா!

ஒரு தடவை திருமண மண்டபக்காரர் ஒருவர் வந்தார். ரபீக்கோடு அரை மணி நேரம் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, முதலாளிக்கும் எனக்கும் ரெண்டு டீ சொல்லேன்" என்றார்.

டீ சொன்னேன். அதுதான் கொடுமை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்துபோய் டீக்கடையைப் பார்த்து ரெண்டு விரலைக் காட்டினேன். ரபீக்கும் "அவங்கதாங்க முதலாளி" என்று சொல்லவில்லை. டீயைக் குடித்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் ரபீக் பஸ் ஏறிப் போனதும் நான் கடையில் தனியாக உட்கார்ந்தேன். மெஷினை ஆன் செய்தேன்.

எழுப்பிவிடுகிறவன்

கம்ப்யூட்டரில் ஒரு சங்கதி உண்டு. பொத்தானை அமுக்கியதும் அது நேரே வேலைக்கு வந்துவிடுவதில்லை. உள்ளே தூங்குகிற இயங்குதளத்தை எழுப்பிவிட ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. பூட் லோடர் என்று பெயர். "எழுந்திருப்பா, ஆள் வந்தாச்சு" என்று எழுப்பிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும்.

வைரஸ் கதைக்குப் பிறகு நாங்கள் லினக்ஸுக்கு மாறியிருந்தோம். அதில் அந்த எழுப்பிவிடுகிறவனுக்கே பாஸ்வேர்ட் போடலாம் என்று எங்கேயோ படித்திருந்தேன். வழக்கமாக அதை எப்படிப் போடுவார்களாம் என்றால், அமைப்பை யாரும் நோண்டாமல் இருக்க மட்டும் பூட்டு, அன்றாடம் திறப்பதற்குத் தடையில்லை. அப்படித் தடையில்லாமல் விடுவதற்கு ஒரு வார்த்தையைச் சேர்க்க வேண்டும். பாடத்தில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை.

நான் வராமல் மெஷின் எழுந்திருக்கக் கூடாது. அதுதான் என் திட்டம். ரபீக் காலையில் வந்து கடையைத் திறக்கட்டும், கூட்டட்டும், ஊதுவத்தி கொளுத்தட்டும். மெஷின் மட்டும் என் கைக்குத்தான் எழும். அப்போது தெரியும் யார் முதலாளி என்று.

பாஸ்வேர்ட் என்ன வைப்பது? இங்கேதான் என் பெருமை வந்து நடுவில் உட்கார்ந்தது.

எனக்குத் தமிழ் தட்டச்சில் நல்ல வேகம். தமிழ்99 விசைப்பலகையைத் திரை பார்க்காமல் அடிப்பேன். எங்கள் ஊர் நூலகத்தில் கூப்பிட்டு, 'கணினியில் தமிழ்' என்று என்னைப் பேசவைத்திருக்கிறார்கள். பொன்னாடையெல்லாம் போர்த்தினார்கள். "தமிழில் முடியாதது ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டைக்கூடத் தமிழில் வையுங்கள், எந்தத் திருடனுக்கும் தோன்றாது!" என்று மைக்கில் முழங்கியவள் நான். கைதட்டினார்கள்.

அதனால் தமிழிலேயே வைத்தேன். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, புள்ளிகூட விழாது. இரண்டு முறை கேட்டது, இரண்டு முறையும் ஒரே மாதிரி அடித்தேன். ஏற்றுக்கொண்டது. மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு தடவை மறுபடி ஆன் பண்ணிச் சரிபார்த்திருக்கலாம். தோன்றவே இல்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தேன்.

அந்த இரண்டாவது காபி

மறுநாள் வேண்டுமென்றே லேட்டாகக் கிளம்பினேன்.

சமையலை முடித்துவிட்டு வழக்கமில்லாத வழக்கமாக இரண்டாவது காபி போட்டுக்கொண்டேன். போன் அடித்தது. ரபீக். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. 'மெஷின் திறக்கலையாக்கும்! நில்லுங்க முதலாளி, நில்லுங்க' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு காபியை ஆற்றிக் குடித்தேன். அந்தக் காபி ருசியாக இருந்தது என்பதுதான் இன்றுவரைக்கும் என்னால் சகிக்க முடியாத விஷயம்.

கடைக்கு வந்தால், ரபீக்கோடு சேர்ந்து நின்றுகொண்டிருந்தது சங்கீதா.

"எத்தனை தடவைக்கா போன் பண்றது! முருகையண்ணன் இறந்துட்டாருக்கா. காலையில, தூக்கத்துலயே. இந்தப் பொண்ணு கடையைத் திறந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கு. மெஷின்ல என்னமோ பாஸ்வேர்ட் கேக்குது" என்றார் ரபீக்.

நான் ரபீக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து விசைப்பலகையை இழுத்துக்கொண்டேன்.

கோட்டு வேண்டாம் என்றவர்

முருகையன் கதிரறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். அறுவடை வந்துவிட்டால் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது, வயல் வயலாகப் போய்க்கொண்டே இருப்பார். அவருடைய அப்பா காலத்தில் கூலிக்கு அறுத்த வயல்களிலேயே இவர் மெஷினில் ஏறி உட்கார்ந்து அறுத்தார். மகளை நர்ஸுக்குப் படிக்கவைத்தார்.

மகளுக்கு வேலைக்கான ஆர்டர் வந்த அன்று இருவரும் என் கடைக்கு வந்தார்கள். இது நடந்ததற்குச் சில வாரம் முன்னால்தான். அப்பாவும் மகளுமாக ஒரு போட்டோ வேண்டும் என்றார்கள். அவர் மடிப்புக் கலையாத புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காலரில் குத்தியிருந்த குண்டூசியைக்கூட எடுக்கவில்லை, நான்தான் எடுத்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஆள் வந்தாலும் கம்ப்யூட்டரில் கோட்டும் டையும் ஒட்டிவிடுவோம். "அண்ணே, கோட்டு போட்டுரலாமா?" என்று ரபீக் கேட்டார்.

"வேணாம் தம்பி. இது எம்பொண்ணு எடுத்துக்கொடுத்த சட்டை. இது தெரியணும்."

சங்கீதா அவர் தோளில் கைபோட்டு நின்றாள். அவர் கூச்சத்தில் நெளிந்தார். "சிரிங்கப்பா" என்று அவள் இடித்ததும் சிரித்தார். அந்த நொடியில் எடுத்தேன். நல்ல போட்டோ. எடுத்தவுடனேயே தெரிந்தது.

பிரிண்ட் போட்டு, போனுக்கும் அனுப்பச் சொன்னாள் சங்கீதா. "நாளைக்கு அனுப்புறேம்மா" என்றேன்.

அனுப்பவில்லை. அடுத்த நாளும் இல்லை. கலியாண சீசன், வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பெரிய பண்ணை வீட்டுப் பெண் கேட்டிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். சங்கீதா ஒரு தடவை கேட்டாள், இன்னொரு தடவை கேட்டாள், பிறகு டியூட்டிக்குப் போய்விட்டாள். கேமரா கார்டை அடுத்த கலியாணத்துக்காக அழித்துவிட்டேன். அந்தப் படம் இந்த மெஷினுக்குள் மட்டும்தான் இருந்தது.

"வேற போட்டோ ஏதும் இருக்காம்மா? ஆதார்ல?" என்று கேட்டேன்.

"ஆதார்ல இருக்கறது எங்கப்பா இல்லக்கா" என்றாள். "அது யாரோ மாதிரி இருக்கும். போன்ல இருக்கறதெல்லாம் அறுப்பு மெஷின் மேல தூரத்துல நிக்கிறது. முகம் தெரியாது. சாயங்காலம் எடுத்துருவாங்கக்கா. அதுக்குள்ள தெருமுனையில அப்பா முகத்தை வெக்கணும். எங்க தெருவுல எல்லாருக்கும் வெச்சிருக்கு."

ஒருவர் போய்விட்டால் முதலில் பந்தல்காரருக்குப் போன், அடுத்த போன் எங்களுக்குத்தான். பேனர் இல்லாத சாவு எங்கள் பக்கம் இப்போது கிடையாது. அதை வைத்துத்தானே என் வீட்டில் உலை கொதிக்கிறது!

சொல்லுங்க மேடம்

கும்பகோணத்தில் எங்களுக்குத் தெரிந்த சர்வீஸ்காரர் ஒருவர் இருக்கிறார். போன் போட்டேன். இரண்டு கையும் விசைப்பலகையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். புத்தி இருந்தால் அப்படிச் செய்திருப்பேனா?

"பூட் லோடருக்கா பாஸ்வேர்ட் வெச்சீங்க? எதுக்கு மேடம்?"

"சும்மா… பாதுகாப்புக்கு."

"என்ன பூட்டு லோடராம்?" என்று ரபீக் மெதுவாகக் கேட்டார். அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பெயருக்கே சிரித்துப் புரண்டிருப்போம்.

"பாஸ்வேர்ட் என்ன வெச்சீங்க, சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியும். சரியாத்தான் அடிக்கிறேன்."

"மேடம், என்ன எழுத்துன்னு தெரிஞ்சாத்தானே நான் பாக்க முடியும். எழுத்தா, நம்பரா, நடுவுல இடம் விட்டிருக்கீங்களா?"

"தமிழ்ல வெச்சேன்."

"தமிழ்லயா? தமிழ்ல என்னான்னு?"

ரபீக் என்னைப் பார்த்தார். சங்கீதா போனைப் பார்த்தாள். கடைவாசலில் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் வேறு நின்றிருந்தார். போன் பக்கம் குனிந்து சொன்னேன்.

"நான்தான் முதலாளி."

"நீங்கதான் முதலாளின்னு தெரியும் மேடம். பாஸ்வேர்ட் என்ன?"

"அதாங்க பாஸ்வேர்ட்! 'நான்தான்முதலாளி'. சேர்த்து. நடுவுல இடம் விடாம."

ரபீக் சட்டென்று திரும்பி பிளக்ஸ் சுருள்களை எண்ணுவதுபோல நின்றுகொண்டார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பல வருஷமாக என் கடையை என்னைவிடச் சீக்கிரம் வந்து திறக்கிற முதுகு அது. ஐயோ, பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

சங்கீதா மட்டும் ஒன்றும் தெரியாமல், கேலியே இல்லாமல் கேட்டாள். "நான்தான் முதலாளின்னு போட்டும் திறக்கலையாக்கா?"

"திறக்கலம்மா."

சர்வீஸ்காரர் விளக்கினார். அந்தக் கருப்புத் திரை வரும் நேரத்தில் உள்ளே இயங்குதளமே இன்னும் எழவில்லை. தமிழ் விசைப்பலகை அதற்குள்தான் இருக்கிறது. நான் அரைப்புள்ளிக் கட்டையை அமுக்கினால் தமிழ்99-ல் அது 'ந'. அங்கே அது வெறும் அரைப்புள்ளிதான். பூட்டு போடும்போது தமிழ் எழுத்தைக் கொடுத்துப் போட்டுவிட்டேன், திறக்கும்போது கொடுக்க அங்கே தமிழ் எழுத்தே இல்லை.

"நீங்க வருஷம் பூரா உக்காந்து அடிச்சாலும் அது திறக்காது மேடம். பெட்டியைக் கொண்டாங்க. உள்ள இருக்கற டிஸ்க்கைக் கழட்டி என் மெஷின்ல மாட்டி போட்டோவை எடுத்துடலாம். பைல் எங்கயும் போயிருக்காது."

தமிழில் முடியாதது ஒன்றும் இல்லை என்று மைக்கில் சொன்னேனே, அந்தப் பொன்னாடை அலமாரியில்தான் இருந்தது. அதைத்தான் எடுத்து சிபியுவைச் சுற்றினேன். கைக்கு அகப்பட்ட துணி அதுதான்.

சங்கீதாவை வீட்டுக்குப் போகச் சொன்னேன். "எடுத்துருவாங்கக்கா, அதுக்குள்ள…" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "வந்துருவேம்மா" என்றேன். அதற்குமேல் எதையும் உறுதியாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பெட்டியோடு ஒரு பயணம்

ரபீக் கடை பைக்கை எடுத்தார். பின்னால் நான், மடியில் பொன்னாடை போர்த்திய பெட்டி. கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. "என்ன பத்மாக்கா, கம்ப்யூட்டரைப் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று காய்கறிக்கடைக்காரர் கத்தினார். மற்ற நாளாக இருந்தால் அவருக்கு என் வாயில் என்ன கிடைத்திருக்கும் என்று அவருக்கே தெரியும். அன்று தலையைக் குனிந்துகொண்டேன்.

ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சம்பா கதிர் பழுத்து நின்றது. ஒரு வயலில் கதிரறுக்கும் மெஷின் ஒன்று ஆளில்லாமல் நின்றிருந்தது. அது முருகையன் ஓட்டுகிறதா, வேறு யாருடையதா, தெரியாது. நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

ரபீக் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அரசலாற்றுப் பாலத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்று, வண்டியெல்லாம் தேங்கிவிட்டது. அப்போதுதான் முன்னாலிருந்தே பேசினார்.

"அக்கா, டீ சொன்னாரே மண்டபக்காரர், அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். முதலாளி அவங்கன்னு."

"விடுங்க ரபீக்."

"இல்லக்கா. சொல்லாததுக்குக் காரணம் ஒண்ணும் பெருசா இல்ல. கேக்க நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்."

கேட்க நல்லாத்தான் இருக்கும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே நான் இவ்வளவு பெரிய பூட்டைப் போட்டேன். "நான் உங்க போனை எடுத்திருக்கணும். வேணும்னேதான் எடுக்கல. உங்களைக் காக்கவைக்கணும்னுதான் உக்காந்திருந்தேன்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரிஞ்சுபோச்சுக்கா" என்றார். "பாஸ்வேர்டைச் சொன்னீங்களே, அப்பவே."

லாரி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

அந்தக் கை

சர்வீஸ்காரர் பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை எடுத்து வேறு மெஷினில் மாட்டினார். நம் லினக்ஸை அவர் மெஷின் முதலில் அடையாளமே காணவில்லை. ஏதோ ஒரு பென்டிரைவைத் தேடினார், டீ குடிக்கப் போன ஆளிடம் கேட்டார், போட்டு மறுபடி ஆரம்பித்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் தாண்டிவிட்டது. ரபீக்கின் போனுக்குச் சங்கீதா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என் போனுக்குக் கூப்பிடவில்லை. அவளுக்கும் யாரிடம் கேட்டால் பதில் வரும் என்று தெரிந்திருந்தது.

கடைசியில் திரையில் படம் வந்தது. வெள்ளைச் சட்டை, அந்தக் கூச்சச் சிரிப்பு. என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ரபீக், "நகருங்கக்கா" என்று உட்கார்ந்தார். கூடவே நின்ற மகளை நீக்கி, அப்பாவை மட்டும் தனியாக வெட்டியெடுக்க வேண்டும். வெட்டினார். பின்னணியை நீலமாக்கினார். தோளில் சங்கீதாவின் கை மட்டும் நின்றது. நாலு விரல், சட்டைத் துணியை லேசாகப் பிடித்திருந்தது. அதை எடுத்தால் தோளைப் புதிதாக வரைய வேண்டும், சட்டை மடிப்பை உண்டாக்க வேண்டும்.

"அரை மணி ஆகும்க்கா" என்றார்.

போன் மறுபடி அடித்தது. "தூக்கப் போறாங்களாம். சங்கீதாதான் மறிச்சு நிறுத்தி வெச்சிருக்காம்" என்றார் ரபீக்.

"அப்படியே அடிங்க. பக்கத்து பிரஸ்லயே குடுத்துரலாம்" என்றேன்.

பேனரின் கீழ் மூலையில் எப்போதும் எங்கள் கடைப் பெயர் இருக்கும். சாவு பேனராக இருந்தாலும் போடுவோம், அதுதான் விளம்பரம். "பேரு போடட்டுமாக்கா?" என்று ரபீக் கேட்டார்.

"வேணாம்."

அவர் அழித்தார். இறந்தவருக்கு நான் காட்டும் மரியாதை என்று அவர் நினைத்திருக்கலாம். இல்லை. ஒளிந்துகொண்டேன்.

தெருமுனை

அந்தத் தெருவில் எத்தனையோ வீட்டுக்குப் பூப்பு நீராட்டு, கலியாணம், சாவு என்று பேனர் அடித்திருக்கிறேன். தெருவுக்குள் நான் போனதில்லை. எல்லாமே ஆள் வந்து வாங்கிப் போவார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவை பைக்கிலிருந்து இறங்கினேன்.

பறைச் சத்தம் காதை அடைத்தது. பாடையைத் தூக்கத் தயாராக நாலு பேர் துண்டைத் தோளில் போட்டு நின்றார்கள். தெருமுனையில் இரண்டு மூங்கில் நட்டிருந்தது, நடுவில் ஒன்றுமில்லை.

பேனரைப் பிரித்தோம். சங்கீதா ஓடி வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தோளைப் பார்த்தாள். விரலால் தொட்டாள்.

"இது என் கை."

"மன்னிச்சிரும்மா. நேரமில்லை. எடுக்க முடியல."

அவள் அந்தக் கையை ஒரு தடவை தடவினாள். "இருக்கட்டும்" என்றாள். அதுவரைக்கும் அழாமல் நின்றவள் அப்போதுதான் உடைந்து அழுதாள். பெண்கள் வந்து அணைத்துப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள்.

முருகையனின் தம்பி வந்தார். கண் சிவந்திருந்தது. நேரே ரபீக்கிடம் போனார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன்யா, நீதானே கடை முதலாளி? காலையிலேருந்து எங்க புள்ளையை வாசல்ல நிக்கவெச்சிருக்க. இன்னேரம் வரைக்கும் எங்கண்ணனைப் போட்டு வெச்சுக்கிட்டு நிக்கிறோம். ஊரே நிக்கிது. மனுசனாய்யா நீ?"

ரபீக் தலையைக் குனிந்து நின்றார். அவ்வளவு திட்டும் அவர் தலையில் விழுந்தது. இந்தத் தடவை கேட்க நல்லா இருந்திருக்காது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம், என்னைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை.

"நான்தான் முதலாளி" என்றேன்.

பறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. அவர் ரபீக்கைத் திட்டிக்கொண்டே இருந்தார். அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது, மறைக்கவில்லை.

நடுவில் போய் நின்றேன். "நான்தாங்க முதலாளி. பூட்டினது நான். போட்டோவை அனுப்பாம வெச்சிருந்ததும் நான். இவரு இல்லை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கையில் பேனர் கட்டுகிற கயிறு இருந்தது. அதன் ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

"அப்ப இதைப் பிடிங்க" என்றார். "உயர்த்திப் பிடிங்க. முகம் தெரியணும்."

பிடித்தேன். பாடை கடந்து போகிற வரைக்கும் கையை இறக்கவில்லை.